இரண்டரை விநாடி

பந்து கைக்கு வந்ததும் அவன் கண் எங்கே போகிறது? கல்லூரி குவார்ட்டர்பேக் ஒருவனை மதிப்பிட உட்காரும்போது என் முதல் கேள்வி இதுதான். கைபலம், உயரம், ஓட்ட வேகம் எல்லாம் பிறகு. எதிரணியின் பின்வரிசையில் நிற்கும் இரண்டு சேஃப்டிகளில் ஒருவர், பந்து பின்னால் தரப்படும் ஸ்னாப் ஆன மறுகணம் நடுவுக்கு நகர்ந்துவிட்டால், பையன் மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கு முழுதும் மாறிவிடும். அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டானா, கண்டதற்கு ஏற்பக் கால்களைத் திருப்பினானா, இரண்டரை விநாடிக்குள் அடுத்த ஆளைத் தேடிப் போனானா? இதைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கையில். தானே ஓடுவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு எறிவதா என்பது அவர் முடிவு. அந்த முடிவை எடுக்கும்போதே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நாலைந்து பேர் அவரைச் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் வீரர்களை, ஏப்ரல் கடைசியில் நடக்கும் டிராஃப்டில் அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். முந்தைய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் தேர்வு, சாம்பியனுக்குச் சுற்றின் கடைசித் தேர்வு. மொத்தம் ஏழு சுற்று. 1936இல் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஓட்டலில் தொடங்கிய ஏற்பாடு இது. அன்று முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

நான் புள்ளியியல் மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு வந்தவன். கைச்செலவுக்காகப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் வீடியோ அறையில் சேர்ந்தேன். ஆட்டப் படத்தை ஒவ்வொரு பிளேயாக, அதாவது பந்து நகரும் ஒவ்வொரு முறையாக, வெட்டி, எத்தனையாவது டவுன், எத்தனை கஜம் பாக்கி, தடுப்பாட்டக்காரர்கள் எந்த அமைப்பில் நின்றார்கள் என்று குறிப்பு எழுதும் வேலை. இரவெல்லாம் அதைச் செய்துதான் ஆட்டத்தையே கற்றேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலேயே, பந்து நகர்வதற்கு முன்பே, ஆட்டத்தில் பாதி நடந்துவிடுகிறது. பிறகு ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டிங் பிரிவில் இடம் கிடைத்தது. இன்றுவரை அதே வேலை.

இந்தத் தொழிலில் எனக்கு முன்னோடி என்று நான் மதிப்பவர் சலாம் குரேஷி. இந்தியாவிலிருந்து வந்த புள்ளியியலாளர். 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றில் இருந்தார். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியை நடத்திய டெக்ஸ் ஷ்ராம், ஸ்கவுட்டுகள் எழுதி அனுப்பும் ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒப்பிட வழி தேடியபோது அந்த வேலை குரேஷியிடம் வந்தது. அவருக்குக் கிரிக்கெட் தெரியும், இந்த ஆட்டம் தெரியாது. கணக்குப் போடுவது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஆளுக்கொரு விதமாக எழுதும் ஸ்கவுட்டுகள் எல்லோரையும் ஒரே அளவுகோலில் எழுத வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. குணம், சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனம், அறிவுக்கூர்மை, உடல் பலம் என்று ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் இடும் முறை அப்படித்தான் உருவானது. இன்று நான் நிரப்பும் படிவத்திலும் அந்தக் கேள்விகளின் சாயல் இருக்கிறது. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் எனக்கு நன்றி பெருகும்.

எங்கள் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் சில மாநிலங்கள். விடியற்காலையிலேயே கல்லூரி அணியின் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். வெளி ஸ்கவுட்டுகளுக்கென்று ஒரு சிறிய அறை ஒதுக்கியிருப்பார்கள். போட்டி அணிகளின் ஆட்களோடு தோளுரச உட்கார்ந்து படம் பார்ப்போம். குடும்பம், ஊர், சாலை நெரிசல் எல்லாம் பேசுவோம். மனத்தில் உள்ள மதிப்பீட்டை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

டிவியில் வரும் படம் எங்களுக்கு உதவாது. அந்தக் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். நாங்கள் பார்ப்பது மைதானத்தின் உச்சியிலிருந்து 22 பேரும் தெரியும்படி எடுத்த படம். பக்கவாட்டிலிருந்து ஒரு கோணம், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கோணம். சத்தமில்லை, வர்ணனையில்லை. ஒரே பிளேயை முன்னும் பின்னுமாக ஓட்டி, ஒரு முறை சேஃப்டிகளையும், ஒரு முறை குவார்ட்டர்பேக்கின் தலையையும், ஒரு முறை அவன் கால்களையும் பார்ப்பேன். பந்தைக் கடைசியாகத்தான்.

முழு ஆட்டத்துக்கு முன்னால் மூன்றாவது டவுன்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்வேன். அதிலும் ஏழு கஜத்துக்கு மேல் பாக்கி இருப்பவை. அங்கே எறிந்தே தீர வேண்டும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரணி தன் மிகச் சிக்கலான ஏமாற்று அமைப்பை அப்போதுதான் காட்டும். முதல் டவுனில் முப்பது கஜம் எறிந்து கைதட்டு வாங்கும் பையன்கள் ஏராளம். மூன்றாவது டவுனில், முதலில் பார்த்த ரிசீவர் மூடப்பட்ட பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். சிலருக்குக் கண் உடனே கீழே இறங்கி, ஓடி வருகிறவர்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். கண் இறங்கிய குவார்ட்டர்பேக்குக்குப் பின்வரிசை தெரியாது. அந்த பிளே முடிந்த மாதிரிதான். சிலர் பாதுகாப்பு வளையமான பாக்கெட்டை விட்டு வெளியே ஓடிவிடுவார்கள். கல்லூரியில் அது பலிக்கும். என்எஃப்எல்லில் துரத்துகிறவர்களும் அதே வேகக்காரர்கள். எனக்குப் பிடித்தவன், கண்ணைத் தூரத்தில் வைத்துக்கொண்டே அரை அடி முன்னால் நகர்ந்து, பக்கவாட்டில் வரும் அடியைத் தன் முதுகுக்குப் பின்னால் போகவிட்டு, இரண்டாவது மூன்றாவது ஆளைத் தேடுகிறவன். எவரும் இல்லையென்றால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவான். அதற்கு அரங்கில் ஒரு கைதட்டும் விழாது. என் நோட்டில் விழும்.

இன்னொன்று, பந்து கையை விட்டுப் போகும் நேரம். ரிசீவர் திரும்பிய பிறகு எறிவது ஒரு ரகம். திரும்பப்போகும் இடத்துக்கு, அவர் திரும்புவதற்கு முன்பே எறிவது வேறு ரகம். கல்லூரியில் ரிசீவருக்கும் அவரைக் காப்பவருக்கும் நடுவே நாலு கஜம் இடைவெளி கிடைக்கும் பிளேகள் நிறைய. மேல்மட்டத்தில் அந்த இடைவெளி ஒரு கை நீளமாகிவிடும். கண்ணால் கண்டுவிட்டு எறிகிறவனுக்கு அங்கே எப்போதும் அரை விநாடி தாமதம்.

கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் ஒரே ஆட்டம் அல்ல. மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் ஒவ்வொரு பிளேயும் எந்தக் கோடுகளுக்கு இடையிலிருந்து தொடங்க வேண்டுமோ, அந்த ஹாஷ் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் பந்து ஓரமாக நிற்கும், மறுபக்கம் பரந்த வெளி. அந்த வெளியைத் தடுப்பாட்டக்காரர்களால் மூட முடியாது. பயிற்சியாளர்கள் அதை வைத்தே எளிய பிளேகளைக் கட்டுவார்கள். பையனின் எண்ணிக்கைகள் வீங்கும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால் எதிரணி இரு பக்கமும் தன்னை மறைத்துக்கொள்ள முடியும்.

யார் சிந்திக்கிறார் என்பது அடுத்த கேள்வி. பல கல்லூரி அணிகளில் பதினொரு பேரும் வரிசையில் நின்றபடி ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து பிளேயை மாற்றுவது பயிற்சியாளர். குவார்ட்டர்பேக் அதை நிறைவேற்றுகிறவன். என்எஃப்எல்லில் ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி உண்டு, ஆனால் பிளே தொடங்க 15 விநாடி இருக்கும்போது அது அணைந்துவிடும். அதன் பிறகு தனியாள். கல்லூரியின் மேல்மட்டத்திலும் 2024 முதல் இந்த வசதி வந்துவிட்டது. ஆகவே இப்போது படம் பார்க்கும்போது, முன்னால் நின்று காக்கும் லைன்மேன்களுக்கு யாரைத் தடுக்க வேண்டும் என்று பையனே கைகாட்டுகிறானா, பந்தை ஸ்னாப் செய்யும் சென்டர் சொல்கிறாரா, ஓரத்திலிருந்து வருகிறதா என்று குறித்துக்கொள்வேன். படத்தில் தெரியாததைக் கல்லூரிப் பயிற்சியாளரிடம் கேட்பேன். அவர் தன் பையனைப் புகழ்வார், அது இயல்பு. அதனால் மருத்துவ உதவியாளர், சீருடை அறைக்காரர், படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அம்மா என்று பேசிக்கொண்டே போவேன். தோற்ற மறுநாள் காலை அந்தப் பையன் எத்தனை மணிக்கு வந்தான் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி கடைசியில் எல்லோரும் இண்டியானாபொலிஸில் கூடுவோம். காம்பைன் என்ற அந்த வாரத்தில் 40 கஜ ஓட்டம், தாவல், எடை, உயரம், பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை கையின் அகலம் எல்லாம் அளக்கப்படும். டிவிக்கு அது பெரிய நிகழ்ச்சி. எங்களுக்கு அதில் உயிரானவை இரண்டு: மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும். டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடினார். 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறாவது சுற்றில் 199ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். பிறகு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை அவர் ஏழு முறை வென்றார். ஜோ பர்ரோவின் கை ஒன்பது அங்குலம்தான் என்று 2020இல் பேச்சானது. அதே ஆண்டு முதல் தேர்வாகப் போன அவர், இரண்டாவது பருவத்திலேயே சின்சினாட்டியைச் சூப்பர் பௌலுக்கு அழைத்துப் போனார்.

நேர்காணல் அறை சிறியது, நேரம் மிகக் குறைவு. பையனின் சாதனைகளை அங்கே நான் கேட்பதே இல்லை. அவன் எறிந்து எதிரணி பிடித்த இன்டர்செப்ஷன்களை ஓட்டிக் காட்டுவேன். ஒருவன், படம் ஓடத் தொடங்கியதுமே ரிசீவர் தவறான பக்கம் திரும்பிவிட்டார் என்று சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். அதே வாரத்தில் வந்த இன்னொருவன் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, பின்னால் ஓட்டி நிறுத்தி, “சார், இந்த சேஃப்டியின் இடுப்பைப் பாருங்கள். ஸ்னாப்புக்கு முன்பே திரும்பியிருக்கிறது. நான் எப்போதும் தோளைத்தான் பார்ப்பேன், இடுப்பைப் பார்ப்பதில்லை. அந்த வாரம்தான் எங்கள் கோச் சொல்லிக்கொடுத்தார்” என்றான். பிறகு அடுத்த மூன்று ஆட்டங்களில் எங்கே இடுப்பைப் பார்த்தான் என்பதையும் சொன்னான். இரவு அறைக்குப் போய் அந்த மூன்று ஆட்டங்களையும் ஓட்டிப் பார்த்தேன். சொன்னபடியே இருந்தது. ஒருவன் கற்றுக்கொண்டிருப்பதைத் தேதியோடு பார்க்கக் கிடைத்த அந்த இரவை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சி பொங்கும்.

அறிவுச் சோதனைகளும் உண்டு. 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வு பல ஆண்டுகள் காம்பைனில் இருந்து, 2022இல் கைவிடப்பட்டது. அடுத்து எஸ்2 என்ற கம்ப்யூட்டர் சோதனை பெயர் வாங்கியது. 2023இல் சி.ஜே. ஸ்ட்ரௌட் அதில் மிகக் குறைவாக எடுத்ததாக ஒரு செய்தி வெளியே கசிந்தது. அந்தப் பையன் டிராஃப்டுக்கு முன் வாரக்கணக்கில் அந்தப் பேச்சைச் சுமந்தான். ஹூஸ்டனில் அவன் முதல் பருவத்தில் எறிந்த இன்டர்செப்ஷன்கள் ஐந்தே ஐந்து; 4,108 கஜம், கோல் கோட்டைத் தாண்டிய டச்டவுன் 23, ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது. ஒரு பையனின் மதிப்பெண்ணை அணிக்காரர்கள் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். கசியவிடுவது இந்தத் தொழிலுக்கே துரோகம்.

எண்களுக்கு நான் எதிரி இல்லை, அவற்றால்தான் சாப்பிடுகிறேன். பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் சில விதிகளை வைத்திருந்தார்: மூன்று ஆண்டு தொடக்க ஆட்டக்காரனாக இருந்திருக்க வேண்டும், பட்டம் முடித்திருக்க வேண்டும், எறிந்ததில் அறுபது சதவீதம் சேர்ந்திருக்க வேண்டும் என்பது போல. அனுபவத்தில் விளைந்த நல்ல விதிகள். ஒரு பையன் நிறைய ஆட்டம் ஆடியிருந்தால் எதிரணிகளுக்கு அவனைப் படிக்க நேரம் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தானா என்று நமக்குத் தெரியும். 2017இல் சிகாகோ இரண்டாவது தேர்வாக எடுத்த மிட்செல் டிரூபிஸ்கி கல்லூரியில் தொடக்கம் முதல் ஆடியவை 13 ஆட்டங்கள். மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஒரே ஒரு படி ஏற, சிகாகோ தன் தேர்வோடு இன்னும் மூன்று தேர்வுகளைக் கொடுத்தது. பின்னாளில் லீக்கின் பெரும் நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ் அதே டிராஃப்டில் பத்தாவது ஆளாகப் போனார்.

விதியை மீறி எழுந்தவரும் உண்டு. ஜோஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் தன் கடைசிப் பருவத்தில் எறிந்ததில் 56 சதவீதமே ரிசீவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. குறி தவறுகிறவனுக்கு மேல்மட்டத்தில் குறி திருந்துவதில்லை என்பது எங்கள் தொழிலின் பழைய நம்பிக்கை, பெரும்பாலும் உண்மையும்கூட. பஃபலோ அவரை 2018இல் ஏழாவதாக எடுத்தது. முதல் ஆண்டு 52.8 சதவீதம், அடுத்த ஆண்டு 58.8, மூன்றாம் ஆண்டு 69.2. 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். என்ன நடந்தது? கால்களும் இடுப்பும் தோளும் ஒரு வரிசையில் இயங்கும்படி கோடை விடுமுறைகளில் எறியும் முறையைத் திருத்திக்கொண்டார். பயிற்சியாளர்கள் மாறாமல் இருந்தார்கள். 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவரை அணி வாங்கித் தந்தது. இதில் முதல் பங்கு ஆலனுடையது; மீதி பஃபலோவுடையது.

இந்த மீதிதான் என் மனத்தை வருஷக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. பெண் எவ்வளவு கெட்டிக்காரியானாலும் புகுந்த வீடு சரியில்லையென்றால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குவார்ட்டர்பேக்குக்கும் அதே கதைதான். அதுவும் டிராஃப்ட் விதியே மோசமான வீட்டுக்குத்தான் நல்ல பெண்ணை முதலில் அனுப்புகிறது. டேவிட் கார் 2002இல் முதல் தேர்வு. அவரை எடுத்த ஹூஸ்டன் அந்த ஆண்டுதான் உருவான புது அணி. அவருக்கு முன்னால் நின்ற லைனால் யாரையும் தடுக்க முடியவில்லை. ஒரே பருவத்தில் 76 முறை சாய்க்கப்பட்டார், அது லீக்கின் சாதனை எண். அத்தனை அடி வாங்கியவன் கண் எப்படித் தூரத்தில் நிற்கும்? 2023இல் பிரைஸ் யங்குக்காகக் கரோலைனா தன் முதல் சுற்றுத் தேர்வுகளையும் டி.ஜே. மூர் என்ற தன் சிறந்த ரிசீவரையும் கொடுத்து முதலிடத்தை வாங்கியது. எறிவதற்கு ஆள் இல்லாமல் போனது. 62 முறை சாய்க்கப்பட்டார். பதினோரு ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளரும் போய்விட்டார்.

எதிர்ப்பக்கம் மஹோம்ஸ். கேன்சஸ் சிட்டி 27ஆம் இடத்திலிருந்து ஏறி வந்து அவரை எடுத்தது. எடுத்ததும் ஒரு வருடம் உட்கார வைத்தது. அவருக்கு முன்னால் ஆடியவர் அலெக்ஸ் ஸ்மித். 2005இல் முதல் தேர்வாகச் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் பயிற்சியாளர் ஆண்டுக்கு ஆண்டு மாற, ஒவ்வொரு முறையும் புது மொழியில் பிளே புத்தகத்தைக் கற்றுக் களைத்தவர். அவர்தான் பின்னாளில் மஹோம்ஸுக்கு வாரம் முழுதும் எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் வைத்துக் காட்டினார். தன் இடத்தைப் பறிக்க வந்த பையனுக்கு இதைச் செய்ய எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! அதே 2005 டிராஃப்டில் ஆரன் ராட்ஜர்ஸ் 24ஆம் இடம்வரை காத்திருந்து, கிரீன் பேயில் மூன்று ஆண்டு பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் உட்கார்ந்து, பிறகு எழுந்தார். சாம் டார்னால்ட் நியூயார்க் ஜெட்ஸில் தோற்றவர் என்று முத்திரை குத்தப்பட்டவர். 2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டங்களை வென்று கொடுத்தார். 2018இல் டார்னால்டைப் பற்றி எழுதிய ரிப்போர்ட்டுகளில் எது சரி, எது தவறு என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? ஆள் ஒருவர்தான்.

அப்படியென்றால் அணிகள் ஏன் பொறுமையாக இருப்பதில்லை? பணம். 2010இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஐந்து கோடி டாலர் உறுதிப்பணம் கிடைத்தது. அடுத்த ஆண்டு புது ஊதிய ஒப்பந்தம் வந்து, முதல் தேர்வான கேம் நியூட்டனின் நான்கு ஆண்டு ஒப்பந்தம் மொத்தமே ஏறக்குறைய 2.2 கோடியில் நின்றது. அன்றிலிருந்து நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைத்தால் நான்கைந்து ஆண்டுக்கு அவர் மலிவு. மிச்சப் பணத்தில் சுற்றிலும் ஆள் சேர்க்கலாம். அதனால் எல்லோரும் துரத்துகிறார்கள். 2024இல் முதல் 12 தேர்வுகளுக்குள் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். உட்கார வைத்தால் மலிவான ஆண்டு ஒன்று வீணாகிறது என்று முதலாளி நினைப்பார்.

இடம் மாற்றிக்கொள்ளும் பேரத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் காலத்து டல்லாஸ் அணி உருவாக்கியது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, பத்தாவதுக்கு 1,300 என்று சரிந்துகொண்டே போகும். ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இந்தச் சந்தையை ஆராய்ந்து, அணிகள் மேலிடத் தேர்வுகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். அதில் என்னைத் தூங்கவிடாத எண் ஒன்று: ஒரே நிலையில் ஆடும் இரு வீரர்களில், முன்னால் தேர்வானவர் அடுத்துத் தேர்வானவரைவிடச் சிறப்பாக ஆட உள்ள வாய்ப்பு 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். சான் பிரான்சிஸ்கோ 2021இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் அதற்கு மேலும் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தது. அவர் அங்கே தொடக்கம் முதல் ஆடியது நான்கு ஆட்டம். அடுத்த ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக, அதே அணி எடுத்த பிராக் பர்டி அவர்களைச் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். இதற்காக அந்த அணியின் ஸ்கவுட்டுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பர்டி கல்லூரியில் நான்கு ஆண்டு ஆடிய படம் முழுதும் எல்லோர் கையிலும் இருந்தது. அந்த வீட்டில், அந்தப் பயிற்சியாளரிடம், அந்த ரிசீவர்களோடு என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நிறைய இடங்கள் ஒருவருக்காகத் தூக்கிக் கொடுப்பதைவிட, நிறைய முறை தேர்ந்தெடுக்கும் உரிமையை வைத்துக்கொள்வது மேல் என்று நான் எங்கள் கூட்டங்களில் விடாமல் சொல்லி வருகிறேன்.

எங்கள் தொழிலின் வரலாற்றில் ஆறாத புண் ஒன்று உண்டு. வாரன் மூன் 1978இல் ரோஸ் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர். கறுப்பர். அந்த ஆண்டு டிராஃப்டில் ஓர் அணியும் அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்கு ஐந்து கிரே கோப்பைகளை வென்று தந்துவிட்டுத்தான் அவரால் இங்கே திரும்ப முடிந்தது. 2006இல் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். அது பழங்கதை என்று சொல்ல முடியாது. 2018இல் லமார் ஜாக்சனை ரிசீவராக மாற்றலாம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். முதல் சுற்றின் கடைசித் தேர்வாக, 32ஆவதாகப் போனவர், அடுத்த பருவத்திலேயே ஒரு வாக்குகூடச் சிதறாமல் லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். ஆகவே ஒரு ரிப்போர்ட்டை முடித்ததும் பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டு இன்னொரு முறை படிப்பேன். இவன் சிந்தித்து எடுத்த முடிவை உடலின் வரம் என்று எழுதியிருக்கிறேனா என்று வரி வரியாகப் பார்ப்பேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

இப்போது கல்லூரி ஆட்டமும் வேறு மாதிரி ஆகிவிட்டது. 2021இலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரால் பணம் சம்பாதிக்கலாம், கல்லூரி விட்டுக் கல்லூரி எளிதாக மாறலாம். 2025இல் முதல் தேர்வான கேம் வார்ட் இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய கல்லூரியில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் வழியாக மயாமிக்கு வந்தவர். போ நிக்ஸ் ஆபர்ன், ஆரிகன் இரண்டிலுமாக 61 ஆட்டங்கள் தொடக்கம் முதல் ஆடிவிட்டு வந்தார். விசுவாசமில்லை என்று முணுமுணுக்கும் மூத்த ஸ்கவுட்டுகள் உண்டு. எனக்கோ இது பெரும் வாய்ப்பு. ஒரே பையன் இரண்டு மூன்று வீடுகளில் எப்படி ஆடினான் என்று டிராஃப்டுக்கு முன்பே பார்த்துவிடலாம். புதுப் பயிற்சியாளரின் பிளே புத்தகத்தை எத்தனை வாரத்தில் பிடித்துக்கொண்டான், லைன் பலவீனமான இடத்தில் கண் இறங்கியதா, நல்ல ரிசீவர்கள் கிடைத்தபோது எவ்வளவு உயர்ந்தான் என்பதெல்லாம் படத்திலேயே இருக்கிறது. பர்ரோவே அதற்குச் சாட்சி. எல்எஸ்யூ கல்லூரியில் 2018இல் 16 டச்டவுன் எறிந்தவர், ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்து ஆட்டமுறை மாறியதும் அடுத்த ஆண்டு 60 எறிந்தார்.

எங்கள் அணியில் ரிப்போர்ட் படிவத்தோடு ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம். முன் பக்கங்களை ஸ்கவுட்டுகள் நிரப்புவோம். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பயிற்சியாளர்கள் நிரப்ப வேண்டும். இந்தப் பையனோடு தினமும் உட்காரப் போகிறவர் யார்? அவர் வேறு அணிக்குப் போய்விட்டால் அதே பிளே புத்தகத்தை நடத்த யார் இருக்கிறார்கள்? முதல் ஆண்டில் இடது ஓரத்தில் அவனைக் காக்கப் போகும் லைன்மேன் யார்? மூன்றாவது டவுனில் அவன் முதலில் தேடப் போகும் ரிசீவர் யார்? எத்தனை தோல்விவரை அவனை மாற்றாமல் வைத்திருப்போம் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்? ஏப்ரல் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் வெறுமையாகத் திரும்பி வந்தால், பையனின் கை எவ்வளவு பலமாக இருந்தாலும், எங்கள் தரவரிசைப் போர்டில் அவன் பெயரை ஒரு சுற்று கீழே இறக்கிவிடுகிறோம்.